ஃபார்மட் போடும் முன்: டிஸ்க்கிலிருந்து வீட்டுக் கணினியை எழுப்புவது எப்படி?

வீட்டுக் கணினி விண்டோஸுக்குள் போகாமல் பாதியில் நின்றுவிட்டால், பார்க்க வருகிறவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் "ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்பதுதான். பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் ஃபார்மட் என்பது டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது; விண்டோஸ் கெட்டுப்போனதால் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் கல்யாண ஃபோட்டோக்களும் கெட்டுப்போயின என்று அர்த்தமில்லை. பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

கணினியை ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை எழுதிய ஒரு டிவிடியிலிருந்தே எழுப்பலாம் (பூட் செய்யலாம்). உள்ளே போய் ஃபைல்களை வெளியே எடுத்து வைக்கலாம். கோளாறு விண்டோஸிலா, ஹார்டு டிஸ்க்கிலா என்றும் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஃபார்மட் போடுவதா வேண்டாமா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம். இந்த வழிகாட்டி அந்த வேலைக்குத்தான். லினக்ஸை நிரந்தரமாகப் பதிப்பது பற்றி இங்கே பேசப்போவதில்லை.

பென்டிரைவ் இருக்கும்போது டிஸ்க் எதற்கு என்று கேட்கலாம். புதிய கணினி என்றால் பென்டிரைவ்தான் வேகம், மறுக்கவில்லை. ஆனால் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய சிபியுக்கள் பலவற்றின் பயாஸுக்கு (கணினியை முதலில் விழிக்கவைக்கும் அடிப்படை நிரல்) யுஎஸ்பியிலிருந்து எழத் தெரியாது, தெரிந்தாலும் அரைகுறையாகத்தான். அவற்றுக்கு சிடி, டிவிடி டிரைவ்தான் நம்பகமான வாசல். இன்னொரு லாபம்: ஒருமுறை எழுதி மூடிய டிவிடி-ஆரில் வைரஸ் எதுவும் போய் ஒட்டிக்கொள்ள முடியாது. நாலு கணினிக்குள் போய்வந்த பென்டிரைவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

உள்ளே என்ன நடக்கிறது

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல, மதர்போர்டில் உள்ள பயாஸ். அது ராம், கீபோர்டு, டிரைவ்கள் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, தன்னிடம் உள்ள பட்டியலின் வரிசைப்படி ஒவ்வொரு டிரைவிலும் "எழுப்பக்கூடிய ஏதாவது இருக்கிறதா" என்று பார்க்கும். பட்டியலில் ஹார்டு டிஸ்க் முதலில் இருந்தால் டிவிடியைத் திரும்பியும் பார்க்காது. நாம் செய்ய வேண்டியது, இந்த ஒருமுறைக்கு மட்டும் அந்த வரிசையை மாற்றச் சொல்வதுதான்.

டிஸ்க்கிலிருந்து எழுப்பும் முறைக்கு எல் டொரிட்டோ என்று பெயர். ஃபீனிக்ஸ், ஐபிஎம் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து 1995இல் வகுத்தது. டிஸ்க்கின் 17ஆம் செக்டரில் (செக்டர் என்பது டிஸ்க்கின் ஒரு சிறு கூறு) ஒரு குறிப்பு இருக்கும். எழுப்பும் நிரல் எங்கே இருக்கிறது என்பதை பயாஸ் அதிலிருந்து தெரிந்துகொள்ளும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐஎஸ்ஓ ஃபைலை (ஒரு முழு டிஸ்க்கின் நகலை அடக்கிய ஒற்றை ஃபைல்) வெறுமனே டிஸ்க்கில் காப்பி செய்தால் ஏன் வேலை செய்யாது என்ற கேள்விக்கு விடை இதுதான். குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது.

எந்த டிஸ்க்கைத் தயார் செய்வது

2008க்குப் பிறகு வாங்கிய, 2 ஜிபியாவது ராம் உள்ள கணினி என்றால் லினக்ஸ் வகைகளில் லினக்ஸ் மின்ட் போதும். எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், எடை குறைவு. ஐஎஸ்ஓ ஏறத்தாழ 3 ஜிபி வரும், சாதாரண டிவிடியில் அடங்கிவிடும். 4 ஜிபி ராம் இருந்தால் வசதியாக ஓடும். விண்டோஸ் பழகிய கைக்கு அதன் திரை அந்நியமாகவும் இருக்காது.

இன்னொரு லினக்ஸ் வகையான உபுன்டுவை நான் சிபாரிசு செய்யாததற்குக் காரணம் அளவுதான். ஒரு காலத்தில் 700 எம்பி சிடியில் அடங்கிய உபுன்டு அது. கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பியதும் உண்டு. இன்று 24.04 டெஸ்க்டாப் பதிப்பு ஒற்றை அடுக்கு டிவிடிக்குள் நுழையாது. பிளாங்க் டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 4.38 ஜிபிதான். இறக்குவதற்கு முன் ஐஎஸ்ஓவின் அளவைப் பாருங்கள்.

ராம் 1 ஜிபிக்கும் குறைவு, அல்லது பிராசஸர் பழைய 32 பிட் வகை என்றால் மின்ட் எழாது. அதற்கு ஆன்டிஎக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பு, அல்லது பப்பி லினக்ஸ். பப்பியில் ஒரு விசேஷம் உண்டு: அது தன்னை முழுக்க ராமுக்குள் ஏற்றிக்கொள்ளும், பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்துவிடலாம். ஒரே டிவிடி டிரைவ் இருக்கும் வீட்டில், பழைய ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் ரைட் செய்ய வேண்டுமானால் இது பெரிய உதவி.

டிரைவ் சிடி மட்டும் படிப்பதா டிவிடியும் படிப்பதா என்று தட்டின் முகப்பில் உள்ள முத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிடி மட்டும்தான் என்றால் பப்பி மாதிரி 700 எம்பிக்குள் அடங்குவது எதுவோ அதுதான் வழி.

இறக்கி, சரிபார்த்து, ரைட் செய்தல்

நன்றாக ஓடும் வேறொரு கணினியும் டிவிடி ரைட்டரும் தேவை. மடிக்கணினியில் டிரைவ் இல்லாவிட்டால் யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் போதும்.

ஐஎஸ்ஓவை அந்தந்த லினக்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு டவுன்லோடு பக்கத்திலிருந்து வேண்டாம். இறக்கியதும் சரிபார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால் இணைப்பு அறுந்து அறுந்து வரும் வீட்டில் இதைத் தவிர்த்தால், பின்னால் "டிஸ்க் ஏன் பாதியில் நிற்கிறது" என்று மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும். 7-ஸிப் என்ற மென்பொருள் இருந்தால் ஐஎஸ்ஓ மீது வலது கிளிக், சிஆர்சி எஸ்ஹெச்ஏ, அதில் எஸ்ஹெச்ஏ-256. வரும் நீண்ட எண்ணெழுத்து வரிசையைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறும் கடைசி ஆறும் ஒத்துப்போனால் யாரும் வேண்டுமென்றே செய்த மோசடி இல்லை என்று சொல்ல முடியாவிட்டாலும், இறக்கும்போது ஃபைல் சிதையவில்லை என்று நம்பலாம்.

விண்டோஸ் 7 முதல் இன்றுவரை தனி மென்பொருள் தேவையில்லை. ஐஎஸ்ஓ மீது வலது கிளிக் செய்து "பர்ன் டிஸ்க் இமேஜ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் அது "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் ஒளிந்திருக்கலாம். ரைட் செய்து முடித்ததும் சரிபார்க்கும் "வெரிஃபை" கட்டத்தில் டிக் போடுங்கள். வேகத்தைத் தேர்ந்தெடுக்க விடும் மென்பொருள் என்றால் 4 அல்லது 8 மடங்கு போதும். பழைய டிரைவுகளின் லென்ஸ், அவசரமாக எழுதிய டிஸ்க்கைப் படிக்கத் திணறும்.

முடிந்ததும் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். "பூட்", "காஸ்பர்", "இஎஃப்ஐ" என்றெல்லாம் ஃபோல்டர்கள் தெரிந்தால் சரி. ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் உட்கார்ந்திருந்தால், இமேஜாக எழுதாமல் ஃபைலாக எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம்; அந்த டிஸ்க் எழுப்பாது, புதிதாக இன்னொன்று எடுங்கள்.

டிஸ்க்கைப் போட்டு எழுப்புதல்

கரன்ட் இல்லாமல் தட்டு திறக்காது. அதனால் முதலில் கணினியை ஆன் செய்து, உடனே தட்டைத் திறந்து டிஸ்க்கை வைத்து மூடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது பலிக்காத இடத்தில் முகப்பில் உள்ள ரீசெட் பட்டன்.

திரையில் கம்பெனி லோகோ வரும் அந்த இரண்டு மூன்று நொடிக்குள் பூட் மெனுவுக்கான கீயை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமான கீகள் இவை:

- டெல், லெனோவோ, தோஷிபா: எஃப்12
- ஏசர்: எஃப்12, ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் "எஃப்12 பூட் மெனு"வை எனேபிள் செய்த பிறகுதான்
- ஹெச்பி: முதலில் எஸ்கேப், பிறகு எஃப்9
- அசுஸ்: மடிக்கணினியில் எஸ்கேப், மதர்போர்டு என்றால் எஃப்8
- கடையில் அசெம்பிள் செய்த சிபியு: ஜிகாபைட் போர்டு எஃப்12, எம்எஸ்ஐயும் ஏஎஸ்ராக்கும் எஃப்11, இன்டெல் போர்டு எஃப்10

அசெம்பிள்டு கணினியில் எந்த போர்டு என்று தெரியாவிட்டால் லோகோ திரையின் அடியில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். படிப்பதற்குள் ஓடிவிட்டால் செல்ஃபோனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள்.

மெனு வந்ததும் டிவிடி டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். 2012க்குப் பின் வந்த கணினிகளில் ஒரே டிரைவ் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் "யூஇஎஃப்ஐ" (பயாஸின் புதிய தலைமுறை) என்று இருக்கும். ஃபைல் எடுக்க மட்டும் என்றால் எதுவானாலும் பரவாயில்லை. ஒன்று எழாவிட்டால் மற்றதைப் பாருங்கள். விண்டோஸைப் பழுது பார்க்கும்போதுதான் இந்த வேறுபாடு முக்கியம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனிமேல் பொறுமை. 16 மடங்கு வேக டிரைவ்கூட உச்சத்தில் நொடிக்கு 22 எம்பி அளவுதான் படிக்கும், அதுவும் டிஸ்க்கின் வெளி ஓரத்தில். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி லென்ஸ் அங்குமிங்கும் அலையும்போது அந்த வேகமும் கிடைக்காது. மெனுவில் "ஸ்டார்ட் லினக்ஸ் மின்ட்" கொடுத்த பிறகு சில நிமிடங்கள் திரை சும்மா கிடப்பது இயல்பு. டிரைவின் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

எழவில்லையா?

கீபோர்டே வேலை செய்யவில்லை என்றால்: பழைய போர்டுகள் சில, யுஎஸ்பி கீபோர்டை விண்டோஸ் வந்த பிறகுதான் மதிக்கும். பின்பக்கம் உள்ள யுஎஸ்பி துளைக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் நடக்காவிட்டால், ஊதா நிற உருண்டைத் துளையில் செருகும் பழைய கீபோர்டு ஒன்றை யாரிடமாவது கடன் வாங்குங்கள். வயர்லெஸ் கீபோர்டை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

பூட் வரிசையை பயாஸுக்குள் மாற்றி சேவ் செய்தாலும் அடுத்த முறை பழையபடி ஆகிறதா? கூடவே தேதியும் பல வருடம் பின்னால் காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பவர் வயரைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். "விண்டோஸ் எழவில்லை" என்று வரும் சில பழைய கணினிகளில் கோளாறே இதுவாகத்தான் இருக்கும்: பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, ஹார்டு டிஸ்க்கோடு வேறு முறையில் பேசப் பார்த்து, விண்டோஸ் நீலத் திரையில் விழுகிறது.

"செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று சொல்லி அணைந்துவிட்டால் அது செக்யூர் பூட்டின் (அங்கீகாரம் இல்லாத பூட் நிரலைத் தடுக்கும் பாதுகாப்பு) வேலை. மின்ட், உபுன்டு இரண்டும் செக்யூர் பூட்டோடு எழக்கூடியவைதான். ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய லினக்ஸ் பூட் நிரல்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் ரைட் செய்த டிஸ்க், அந்த அப்டேட் ஏறிய கணினியில் இப்படி முறைக்கும். புதிய பதிப்பை இறக்கி ரைட் செய்வதுதான் நல்ல வழி. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைப்பது குறுக்குவழி. ஆனால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட கணினியில் அப்படிச் செய்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதலில் பார்த்துவிட்டு பயாஸில் கை வையுங்கள்.

திரை கறுப்பாகவே நின்றால் பூட் மெனுவில் "கம்பாட்டிபிலிட்டி மோட்" கொடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டோடு வரும் தகராறு பெரும்பாலும் அதில் தீர்ந்துவிடும்.

டிரைவ் கரகரவென்று சுற்றிச் சுற்றி நின்றுவிட்டால் லென்ஸில் தூசி இருக்கலாம், அல்லது அந்த டிரைவுக்கு அந்த டிஸ்க் பிடிக்கவில்லை. டிவிடி-ஆர் எழாத இடத்தில் டிவிடி+ஆர் எழுவதும் உண்டு, அதற்கு நேர்மாறாகவும். டிவிடி-ஆர்டபிள்யூவைப் பழைய டிரைவில் நான் நம்புவதில்லை.

உள்ளே போனதும்

மேசைத்திரை வந்துவிட்டதா? அங்கே "இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்" என்று ஓர் ஐகான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மவுஸை அவர்களிடம் கொடுக்காதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருப்பதெல்லாம் ராமில்தான். அந்த ஐகானைத் தொடாமலும், ஹார்டு டிஸ்க்கில் உள்ளதை நீங்களாக அழிக்காமலும் இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

காப்பி செய்வதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி "டிஸ்க்ஸ்" என்ற கருவியைத் திறந்து, ஹார்டு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் "ஸ்மார்ட் டேட்டா" (ஹார்டு டிஸ்க் தன் உடல்நலம் பற்றி வைத்திருக்கும் குறிப்பு) பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), பென்டிங் செக்டர் (கெட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் இடங்கள்) என்ற இரண்டு வரிகள் முக்கியம். இரண்டும் பூஜ்யம் என்றால் நிம்மதி. பென்டிங் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ, டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, ஹார்டு டிஸ்க் போகப்போகிறது. அப்படியானால் மிக அவசியமானதை முதலில் எடுங்கள், சினிமாப் படங்களைக் கடைசியில். எக்காரணம் கொண்டும் விண்டோஸின் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனைக் கருவியை ஓடவிடாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மணிக்கணக்கில் உழவைக்கும். விலை மதிக்க முடியாத தரவு என்றால் இத்தோடு கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொண்டுபோவது நல்லது.

கணினியின் ஹார்டு டிஸ்க் நலமாக இருக்கிறதென்றால் வெளி ஹார்டு டிஸ்க்கையோ பெரிய பென்டிரைவையோ செருகுங்கள். அது எஃப்ஏடி32 வகையாக (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று) இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ அங்கேதான் மாட்டிக்கொள்ளும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்றால் தொல்லையில்லை.

ஃபைல் மேனேஜரின் இடப்பக்கத்தில் விண்டோஸின் டிரைவ்கள் தெரியும். சி, டி என்ற எழுத்துகள் இருக்காது, அளவை வைத்து அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல், "ஷட் டவுன்" செய்தாலும் விண்டோஸ் முழுக்க அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் கிடக்கும். அதனால் டிரைவ் எழுத முடியாதபடி, படிக்க மட்டும் திறக்கலாம். நமக்குப் படித்தால் போதும். அதை மாற்ற மெனக்கெட வேண்டாம்.

"யூசர்ஸ்" ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ளதை முழுதாக எடுங்கள். எக்ஸ்பியாக இருந்தால் "டாக்குமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்". டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான். கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருப்பவையும் தெரியும்.

அதோடு முடித்துவிடாதீர்கள். கடைக் கணக்கு எழுதிய கணினி என்றால் டாலியின் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்கு வெளியே இருக்கும், தேடி எடுங்கள். தமிழில் தட்டச்சு செய்த பழைய ஃபைல்கள் இருந்தால் "விண்டோஸ்" ஃபோல்டருக்குள் உள்ள "ஃபான்ட்ஸ்" ஃபோல்டரையும் அள்ளிக்கொள்ளுங்கள். பாமினி, டேப், வானவில் காலத்து எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் யூனிகோடு அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அப்பாவின் சங்க மலர்க் கட்டுரை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபார்மட் போட்ட பிறகு அந்த எழுத்துருவைத் தேடி அலைவது பெரும்பாடு.

காப்பி முடிந்ததும் நாலைந்து ஃபோட்டோக்களை வெளி டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள். பிறகு "இஜெக்ட்" கொடுத்து, எழுதி முடிக்கும்வரை காத்திருந்து கழற்றுங்கள்.

இங்கே இன்னொன்றும் புரிந்திருக்கும்: விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்காமலே எல்லாம் திறந்தது. பிட்லாக்கர் போடாத கணினி என்றால், உங்களுக்குத் திறந்தது போலவே கணினியை வாங்கிக்கொண்டு போகிற யாருக்கும் திறக்கும். பழுது பார்க்கக் கொடுக்கும் முன் அந்தரங்கமானவற்றை எடுத்துவிடுவது நல்லது.

விண்டோஸ் டிஸ்க்கால் எழுப்புவது

ஃபைல்கள் பத்திரமான பிறகு விண்டோஸையே பழுது பார்க்க நினைத்தால், விண்டோஸ் டிவிடியைப் போட்டு அதே முறையில் எழுப்புங்கள். ஒரே வேறுபாடு: "பிரஸ் எனி கீ" என்று ஒரு வரி வந்து சில நொடி நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டாவிட்டால் மறுபடி ஹார்டு டிஸ்க்குக்கே போய்விடும். மொழித் திரைக்கு அடுத்து "இன்ஸ்டால் நௌ" பெரிதாகக் கண்ணை இழுக்கும்; நமக்கு வேண்டியது கீழே இடது மூலையில் சிறிதாக உள்ள "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்". அதற்குள் ஸ்டார்ட்டப் ரிப்பேர். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் பதியப்பட்டிருந்தால் பூட் மெனுவிலும் "யூஇஎஃப்ஐ" என்று முன்னால் உள்ள வரியையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டப் ரிப்பேர் கைவிரித்துவிடும்.

விண்டோஸ் 10இன் 64 பிட் ஐஎஸ்ஓவும் ஒற்றை அடுக்கு டிவிடியில் அடங்காது. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் தேடுவதற்குப் பதில், நன்றாக ஓடும் இன்னொரு விண்டோஸ் 7 அல்லது 10 கணினியில் கன்ட்ரோல் பேனல் வழியாக "சிஸ்டம் ரிப்பேர் டிஸ்க்" ஒன்று செய்துகொள்ளலாம். அதே விண்டோஸ் பதிப்பு, அதே 32 அல்லது 64 பிட்டாக இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து லினக்ஸை ஷட் டவுன் செய்யும்போது தட்டு தானாக வெளியே வந்து, டிஸ்க்கை எடுத்துவிட்டு என்டர் தட்டச் சொல்லும். சில சமயம் திரையில் எழுத்தே வராமல் தட்டு மட்டும் திறக்கும். அப்போதும் டிஸ்க்கை எடுத்து, தட்டை மூடி, என்டர் தட்டினால் போதும். பயாஸுக்குள் போய் பூட் வரிசையையே மாற்றியிருந்தால் ஹார்டு டிஸ்க்கை மறுபடி முதலில் வையுங்கள். டிஸ்க்கின் மேல் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெயர், பதிப்பு, மாதம், வருடம் எழுதி, வெயில் படாத இடத்தில் உறையோடு வையுங்கள்.